சேறு படாத செவ்வகம்

அத்தியாயம் 4

கதவு முழுக்கச் சேறு அப்பிக் காய்ந்திருந்தது. நடுவில் மட்டும் ஒரு செவ்வகம், கழுவித் துடைத்த மாதிரி வெள்ளையாக இருந்தது.

நிதானம் அதைத் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூக்கு இடிக்கும் தூரத்தில் குனிந்து பார்த்தார். அவசரமாகத் தும்மக்கூட மாட்டார் என்பதால் துப்பறியும் தொழிலில் அவருக்கு நிலைத்துவிட்ட பெயர் அது. அவருடைய உதவியாளனுக்கு நேர் எதிர்க் குணம். மனதில் தோன்றுவதற்கு முன்பே வாயில் வந்துவிடும். அதனால் அவன் தந்தி.

"கதவுக்கு யாரோ பவுடர் போட்டு விட்டிருக்காங்க சார்," என்றான் தந்தி.

விபத்தில் சிக்கிய வண்டிகளைப் போலீஸ் நிறுத்திவைக்கும் தகரக் கொட்டகை அது. மேலே கூரை இருந்ததால் பிறகு பெய்த மழை இந்தச் சிறிய பார்சல் வேனைத் தொடவில்லை. மழை விட்டிருந்த ஒரு மாலையில் ஈரச் சாலையில் வழுக்கி, ஓரத்துச் சேற்றுப் பள்ளத்தில் பாய்ந்தபோது எப்படி இருந்ததோ, அப்படியே இருந்தது. ஓட்டியவரின் வலது கால் மட்டும் உள்ளே நசுங்கிவிட்டது.

அவருடைய மனைவி சற்றுத் தள்ளி நின்றாள். அவளுடைய தம்பி வாய்க்கு வாய் 'அக்கா' என்று அழைத்ததில் நிதானமும் தந்தியும்கூட அவளை அக்கா என்றே கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள்.

அக்காவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, கணவனின் கால். வேறொரு பெரிய மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தால் அதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். இங்கேயே கிடந்தால் முழங்காலோடு எடுத்துவிட வேண்டியதுதான். வேலையில் அடிபட்டார் என்று பார்சல் கம்பெனி ஒப்புக்கொண்டால் சிகிச்சை முழுவதும் அவர்கள் பொறுப்பு. கம்பெனியோ, அவர் எங்கள் ஊழியரே அல்ல, தனி ஒப்பந்தக்காரர், அவருக்கு அவரே முதலாளி, சொந்த வண்டியில் சொந்த வேலையாகப் போனவருக்கு நாங்கள் என்ன செய்ய முடியும் என்று கையை விரித்துவிட்டது. நாளைக் காலை தொழிலாளர் நல அதிகாரி முன்னால் விசாரணை.

"முதலாளியாம்," என்று முதல் நாளே சொல்லியிருந்தாள் அக்கா. "எந்தத் தெருவுக்கு முதல்ல போகணும்னு அவங்க சொல்லணும். எந்தக் கலர் சட்டைன்னு அவங்க சொல்லணும். காய்ச்சல்ல படுத்தா ஃபோன்ல திட்டு வாங்கணும். இப்படி ஒரு முதலாளியை நீங்க பார்த்திருக்கீங்களா?"

நிதானம் பார்த்ததில்லை. ஆனால் இப்போது அவர் கேட்டது அந்தக் கதவில் இருந்த செவ்வகத்தைப் பற்றித்தான். அதற்குத் தம்பி பதில் சொன்னான். அவனும் அதே கம்பெனிக்குத்தான் வேன் ஓட்டுகிறான். மாமாவுக்கு இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்ததே அவன்தான்.

கம்பெனியின் பெயரும் ஓட்டுநரின் எண்ணும் அச்சடித்த காந்த போர்டை ஒட்டும் இடம் அது. போர்டு தடித்த ரப்பர் தாள் மாதிரி இருக்கும். வண்டிகள் ஓட்டுநர்களுடையவை என்பதால் பெயின்ட் அடித்து எழுத முடியாது. ஆகவே காலையில் கிடங்கில் போர்டை வாங்கிக் கதவில் ஒட்டிக்கொள்ள வேண்டும். மாலையில் கிடங்குக்கே திரும்பி வந்து கொடுத்துவிட வேண்டும். கொடுக்காமல் வீட்டுக்குப் போகக் கூடாது, வேறு சுமையும் ஏற்றக் கூடாது.

"அன்னைக்கு உங்க மாமா போர்டைக் கொடுத்துட்டுத்தான் வெளியே போனார்னு கம்பெனி சொல்லுது," என்றார் நிதானம். "அப்படின்னா அவர் சொந்த வேலையாத்தான் போயிருக்கணும்."

தம்பி தலையசைத்தான்.

"ஆனா இந்தக் கதவு வேற சொல்லுது. வண்டி பள்ளத்துல பாய்ஞ்சப்போ சேறு கதவு முழுக்க அடிச்சிருக்கு. இந்தச் செவ்வகத்துல அடிச்ச சேறு மட்டும் போர்டோட மேல விழுந்திருக்கு. போர்டு அப்போ இங்கதான் இருந்திருக்கு. அதுக்கு அப்புறம்தான் யாரோ உரிச்சிருக்காங்க."

அக்காவின் கண்களில் நாள் கணக்கில் காணாமல் போயிருந்த ஏதோ ஒன்று திரும்பி வந்தது. தம்பி, போலீஸ்காரர்கள் யாராவது துடைத்திருக்கலாமே என்றான்.

"ஸ்கேல் வெச்சா துடைப்பாங்க?" என்றான் தந்தி.

 வண்டியை எடுக்கிறேன் என்று தம்பி முன்னால் நடந்தான். தூறல் ஆரம்பித்திருந்தது. போன வேகத்திலேயே திரும்பி வந்து, கையிலிருந்த ஒரே குடையை அக்காவின் தலைக்கு மேல் பிடித்து, தான் நனைந்தபடி அழைத்துப் போனான்.

நிதானம் அதைக் கவனித்தார். பெரிய தியாகங்களை அவர் அவ்வளவாக நம்புவதில்லை. ஊர் பார்க்கச் செய்துவிடலாம். யாரும் கவனிக்காதபோது நீளும் குடையில்தான் கடவுள் ஒரு மனிதனைப் பற்றி எழுதிவைக்கிறார் என்பது அவருடைய எண்ணம். இந்தப் பையன் நல்லவன் என்று மனதுக்குள் ஒரு ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

*

தம்பியின் வேனில் முன்பக்கம் மூன்று பேர் உட்காரலாம். தந்தி நான்காவது ஆள். ஆகவே பின்னால், பார்சல்கள் ஏற்றும் இடத்தில், வெறும் இரும்புத் தரையில் உட்கார்ந்தான். இடையில் இருந்த சின்னத் திறப்பின் வழியாக அவன் குரல் மட்டும் முன்னால் வந்துகொண்டே இருந்தது.

ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு முனகல். வண்டியில் ஏறியது ஒரு முதுகெலும்போடு, இறங்கும்போது அது எத்தனையாக இருக்குமோ என்றான். கண்ணாடிச் சாமான்களை இதில் ஏற்றுகிறவர்களுக்குக் கோயிலே கட்டலாம் என்றான்.

"கண்ணாடிச் சாமானுக்குக் கீழே கம்பளி விரிப்போம்," என்றான் தம்பி.

"தெரியுது. அந்தக் கம்பளியைச் செவுத்துல மாட்டி வெச்சிருக்கீங்களே. செவுத்துக்குக் குளிருதா? எனக்கும்தான் குளிருது, ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அக்கா முதன்முறையாகச் சிரித்தாள். நிதானமும் சிரித்தார். தம்பி கண்ணாடியைத் துடைக்கும் வைப்பரின் வேகத்தைக் கூட்டினான். உண்மையில் மழை அவ்வளவு பெரிதாக இல்லை.

*

கிடங்கு மேலாளர் அவர்களை எழுந்து நின்று வரவேற்றார். டீ வரவழைத்தார். அக்காவின் கணவரைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் உடைந்துகூடப் போயிற்று. இங்கே யாரும் வேலைக்காரர் இல்லை, எல்லோரும் பங்காளிகள், இது ஒரு குடும்பம் என்றார். குடும்பத்தில் ஒருவருக்குக் கால் போகப்போகிறதே என்று அக்கா கேட்டதற்கு, சட்டம் என்று ஒன்று இருக்கிறதே அம்மா என்று வருத்தப்பட்டார்.

தம்பி உள்ளே வரவில்லை. வண்டியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வாசலிலேயே நின்றுவிட்டான்.

மேலாளர் அறைக்கு வெளியே சுவர் நீளத்துக்கு ஓர் இரும்புத் தட்டி. அதில் வரிசையாகக் காந்த போர்டுகள் ஒட்டியிருந்தன. பெரும்பாலான ஓட்டுநர்கள் வெளியே போயிருந்ததால் தட்டியில் இடைவெளிகள் அதிகம். விடுப்பில் இருந்தவர்களின் போர்டுகள் மட்டும் இருந்தன. அக்காவின் கணவருடைய போர்டும் இருந்தது.

"பாருங்க. வந்தார், ஒட்டினார், போனார். அதுக்கப்புறம் அவர் எங்கே போனா எங்களுக்கு என்ன தெரியும்?" என்றார் மேலாளர்.

எடுத்துப் பார்க்கலாமா என்று நிதானம் கேட்டார். தாராளமாக என்றார் மேலாளர். உரித்தபோது 'சர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது. நிதானம் போர்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த இன்னொன்றை உரித்து அதன் பின்பக்கத்தையும் பார்த்தார். இரண்டையும் தந்தியிடம் நீட்டினார்.

பக்கத்துப் போர்டின் எழுத்துகள் வெயிலில் வெளுத்திருந்தன. மூலைகள் தேய்ந்திருந்தன. பின்பக்கத்தில் மணல் கீறல்களும், அந்த ஓட்டுநருடைய வேனின் பச்சைப் பெயின்ட் துணுக்குகளும் இருந்தன. அக்காவின் கணவருடைய போர்டு கடையில் வாங்கிய மறுநாள் மாதிரி பளபளத்தது. தந்தி அதை முகர்ந்து பார்த்தான்.

"இன்னும் ரப்பர் வாசனையே போகலை சார். பிறந்த குழந்தை மாதிரி இருக்கு."

பழையது கிழிந்துவிட்டது, போன மாதம்தான் மாற்றிக் கொடுத்தோம் என்றார் மேலாளர். சொல்லும்போது கண் சிமிட்டவில்லை. டீ ஆறுகிறதே என்றும் நினைவூட்டினார்.

நிதானம் போர்டுகளைத் திரும்ப ஒட்டிவிட்டு நன்றி சொல்லிக் கிளம்பினார். படியில் இறங்கும்போது அக்கா அவர் பக்கத்தில் வந்தாள். அந்த ஆள் பொய் சொல்கிறான் என்று தெரிந்தும் ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டாள்.

"பொய்னு எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். அதிகாரிக்குத் தெரியணும். போன மாசம் மாத்தினேன்னு அவர் அங்கேயும் இதே மாதிரி சொல்லுவார்," என்றார் நிதானம். "ஆனா அவரே அறியாம ஒரு உதவி பண்ணியிருக்கார். பழைய போர்டு அவர் கையில இருந்தா புதுசு எதுக்கு அடிக்கணும்? கதவுல இருந்து உரிச்சவங்க அதை இவர்கிட்ட கொடுக்கலை."

"அப்போ யார்கிட்ட இருக்கு?"

நிதானம் பதில் சொல்ல வாயெடுத்தார். வாசலில் தம்பி தன் போர்டின் ஓரம் காற்றில் எழும்பியிருந்ததைக் கண்டு, அதை உரித்து, ஒரு துணியால் பின்பக்கத்தைத் துடைத்து, மறுபடி கதவில் வைத்து உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தான். அப்படித் துடைக்காவிட்டால் மணல் சிக்கிப் பெயின்ட் கீறும் என்று அக்கா சொன்னாள். தன் கணவரும் அப்படித்தான் செய்வார். உரித்த போர்டை இருக்கையில் போட்டால் சுருண்டுவிடும், கிடங்கில் அபராதம். அதனால் உரித்த கையோடு இரும்பு எங்கே இருக்கிறதோ அங்கே தட்டையாக ஒட்டிவிடுவார்கள். வீட்டில் இருந்தால் பீரோக் கதவில்கூட ஒட்டிவிடுவார், கேட்டால் கை பழக்கம் என்பார் என்று சொல்லிக்கொண்டே அவள் வண்டிக்கு நடந்தாள்.

நிதானம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். தந்தி திரும்பிப் பார்த்தான். அவர் கண்ணை மூடி, உதடு அசையாமல் ஏதோ வேண்டிக்கொண்டிருந்தார்.

*

மருத்துவமனைக்குப் போகும் வழியில், விபத்து நடந்த இடத்துக்கு முதலில் வந்தது யார் என்று நிதானம் அக்காவிடம் கேட்டார்.

"என் தம்பிதான். இவர் உள்ளே மாட்டிக்கிட்டே இவனுக்குத்தான் ஃபோன் பண்ணினார். இவன் மட்டும் வரலைன்னா ரத்தம் போயே செத்திருப்பார். தனி ஆளாத் தூக்கிட்டு வந்து சேர்த்தான். இவன் சட்டையெல்லாம் ரத்தம்." அவள் தம்பியின் தோளில் கை வைத்தாள். "கூடப் பிறந்தவன் இருக்கறதால நான் இன்னும் நடமாடறேன்."

தம்பி சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நிதானம் திறப்பின் பக்கம் திரும்பி, பின்னால் எப்படி இருக்கிறது என்று தந்தியைக் கேட்டார்.

"எனக்கு என்ன சார், தரையில கிடக்கேன். செவுரு மகாராஜா மாதிரி கம்பளி போர்த்திக்கிட்டு..."

அவன் பாதியில் நிறுத்தினான். தந்தி ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி நிதானம் அதற்கு முன் பார்த்ததில்லை.

மருத்துவமனை வாசலில் வண்டி நின்றது. அக்கா இறங்கப் போனாள். ஒரு நிமிஷம் என்று சொல்லி நிதானம் தம்பியைப் பார்த்தார். அவர் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

"அந்தக் கம்பளியை நானே தூக்கிப் பார்க்கலாம். தந்தி தூக்கலாம். ஆனா நீங்க தூக்கினா நல்லதுன்னு நினைக்கிறேன்பா. நாளைக்கு இல்லாட்டியும் என்னைக்காவது, நானே தூக்கினேன்னு உங்களுக்கு நீங்களே சொல்லிக்க அது ஒண்ணாவது இருக்கும்."

 மழை கூரையில் விழுந்துகொண்டிருந்தது. பிறகு தம்பி இறங்கினான், சுற்றிக்கொண்டு பின்னால் போனான், கதவைத் திறந்தான். தந்தி ஒதுங்கி இடம் விட்டான். அக்கா என்ன என்று புரியாமல் பின்னாலேயே வந்து நின்றாள்.

கம்பளியின் மேல்முனை இரண்டு கொக்கிகளில் மாட்டியிருந்தது. அவன் அவிழ்த்தான்.

வேனின் இரும்புச் சுவரில், சுருக்கம் விழாமல் தட்டையாக, மூலைகள் படிய நீவி ஒட்டியபடி இருந்தது அந்தப் போர்டு. வெளுத்த எழுத்துகள். அவள் கணவரின் எண். மேலே காய்ந்த சேறு.

அக்கா அதைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். மறுபடியும் போர்டைப் பார்த்தாள்.

"இது எப்படிடா இங்கே?"

அவன் சொன்னது துண்டு துண்டாகத்தான் வந்தது. மாமாவிடமிருந்து ஃபோன் வந்ததும் ஓடினான். போகும்போதே உதவி கேட்டு மேலாளருக்கு ஃபோன் அடித்தான். மேலாளர் சொன்னது ஒன்றுதான்: முதலில் போர்டைக் கழற்று, அப்புறம் ஆளைத் தூக்கு. கழற்றினால் கிடங்கில் தன் பக்கத்து நாற்காலி, மாதச் சம்பளம், நிரந்தர வேலை. கழற்றாவிட்டால் நாளையிலிருந்து உன் வண்டிக்கும் போர்டு கிடையாது.

"நிரந்தரம்னு சொன்னாங்கக்கா," என்றான். "நமக்கெல்லாம் யாரும் சொல்லாத வார்த்தை அது. கால் இவ்வளவு மோசமா இருக்கும்னு அப்போ தெரியாது. ஒரு ரப்பர் தாள்தானேன்னு நினைச்சேன்."

மேலாளரிடம் ஆற்றில் எறிந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறான். எறியத்தான் போனான். பாலத்தில் நின்றான். எறியவில்லை. உரித்த கையோடு வண்டிச் சுவரில் ஒட்டினது ஒட்டினதுதான். அதன் பிறகு அதைத் தொடவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. கம்பளியை மாட்டினான்.

"சேத்தைக்கூடத் துடைக்கலையே," என்றார் நிதானம் மெல்ல. "எல்லாத்தையும் துடைக்கற கை."

"வரலை சார். கை வரலை."

"அதுதான் உங்க மாமாவோட காலைக் காப்பாத்தப் போகுது. கதவுல சேறு தெறிச்ச கோடெல்லாம் செவ்வகத்தோட ஓரத்துல அறுந்து நிக்குது. இதைக் கொண்டுபோய் அதுல வெச்சா, கோட்டுக்குக் கோடு வந்து சேரும். மேலாளரோட புது போர்டு எத்தனை பளபளத்தாலும் அதைச் செய்யாது."

அக்கா எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. அவள் வேனுக்குள் ஏறி, இரண்டு கைகளாலும் போர்டை மேலிருந்து கீழாக உரித்தாள். அதே 'சர்ர்' சத்தம். வளையாமல் மார்போடு அணைத்துக்கொண்டு, தம்பியைத் தாண்டி உள்ளே நடந்தாள்.

*

வார்டில் அவள் கணவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். அவள் போர்டைக் கட்டிலில் வைத்தாள்.  யார், எங்கே என்று எப்படிச் சொல்வது என்று அவள் தேடிக்கொண்டிருந்தாள்.

அவர் போர்டைப் பார்த்தார். பிறகு, கதவோரம் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற மைத்துனனைப் பார்த்தார்.

"தூக்கிப் போடலையா மாப்ள?"

தந்தி நிதானத்தைப் பார்த்தான். இதை நிதானமும் எதிர்பார்க்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

அக்கா கட்டில் கம்பியைப் பிடித்தாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"கதவுக்கு இந்தப் பக்கம் நான்தானே கிடந்தேன்," என்றார் அவர். "இவன் வந்த காலடி கேட்டுச்சு. அப்பாடான்னு இருந்துச்சு. கதவைத் திறப்பான்னு பார்த்தேன். உரியற சத்தம்தான் முதல்ல கேட்டுச்சு. அதுக்கப்புறம்தான் திறந்தான்."

தம்பி இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டான்.

"ஏன் என்கிட்ட சொல்லலை?" என்றாள் அக்கா.

"உனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன். எனக்குக் கால் போனா போகுது, உனக்கு அவனும் போகணுமான்னு..."

அவர் முடிக்கவில்லை.  கூடப் பிறந்தவன் ஒன்றை மறைத்தான், கட்டிக்கொண்டவர் அதையே மறைத்தார். இத்தனை நாளும் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, இருவருக்கும் சோறு ஊட்டாத குறையாகப் பார்த்துக்கொண்டவளுக்குத்தான் ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறது. ஒருவன் பயத்தில் செய்தான், ஒருவர் பாசத்தில் செய்தார். அவளுக்கு வலித்ததில் அதனால் எந்த வித்தியாசமும் இல்லை.

தம்பி வெளியே போனான். அவன் ஓடிவிடுவான், நாளை விசாரணைக்கு வரமாட்டான், பின்னாலேயே போகட்டுமா என்று தந்தி நிதானத்தின் காதில் கேட்டான். நிதானம் வேண்டாம் என்று தலையசைத்தார். அந்தக் குடையை அவர் இன்னும் மறந்துவிடவில்லை. ஒரு மனிதனிடம் அதுவும் உண்மைதான், இதுவும் உண்மைதான். எது மிஞ்சும் என்பதைக் காத்திருந்துதான் பார்க்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் வேண்டிக்கொள்ளலாம்.

தம்பி திரும்பி வந்தான். கையில் அந்தக் கம்பளி. வார்டில் ஜன்னலோரம் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. போர்வைக்கு வெளியே நீண்டிருந்த மாமாவின் நல்ல காலை அவன் போகும்போது பார்த்திருக்க வேண்டும். கட்டிலருகே வர அவனுக்குத் தைரியம் இல்லை. நின்ற இடத்திலிருந்தே நீட்டினான்.

"நாளைக்கு நானே வந்து சொல்றேன்கா. மேலாளர் முன்னாடியே சொல்றேன். காலையில வண்டியை எடுத்துட்டு வீட்டுக்கு வரவா?"

அக்கா கம்பளியை வாங்கினாள். ஜன்னலுக்கு வெளியே நீட்டித் தூசி போக உதறினாள். கணவரின் கால்களில் போர்த்தி, ஓரங்களைக் கட்டிலுக்கு அடியில் செருகினாள். இதையெல்லாம் செய்யும் வரை அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"வந்து சொல்லு," என்றாள். "நான் பஸ்ல வந்துடறேன்."

பிறகு போர்டை எடுத்து, அதன் பின்பக்கத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள். முன்பக்கத்துச் சேற்றில் கை படாமல் பார்த்துக்கொண்டாள். சுற்றிலும் தேடி, மருந்து வைக்கும் இரும்பு அலமாரியின் பக்கவாட்டில், கணவரின் தலைமாட்டில், அது வளையாதபடி தட்டையாக ஒட்டினாள்.